நூற்று முப்பத்துமூன்று நாள் செக்கெஜாப்

ஜூலை எட்டாம் தேதி காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு ஜபருல்லா தம் காரில் போட்டுவிட்டு இறங்கிய டபுள் சிக்னல் நவம்பர் பதினெட்டாம் தேதி காலைவரை நிற்காமல் மின்னிக்கொண்டிருந்தது. இந்த நூற்று முப்பத்துமூன்று நாளில் பேட்டரி ஒருமுறைகூடத் தளரவில்லை, எஞ்சின் சூடும் ஆறவில்லை. ஜபருல்லாவோ அதைப் போட்ட அன்றே, எட்டு மணி அடிப்பதற்குள் இறந்துவிட்டிருந்தார்.

கம்பம் கெலாடி, கிள்ளான் ரயில் பாதையில் இருக்கும் சின்ன நிலையம். ஜபருல்லா பிரிக்பீல்ட்ஸில் கைலியும் தலைத்துண்டும் விற்கும் கடை வைத்திருந்தார். கிள்ளான் வீட்டிலிருந்து காரில் வந்து, நிலையத்துக் கார் பார்க்கில் விட்டுவிட்டு ரயிலேறிக் கடைக்குப் போவார். அங்கே மாதப் பாஸ் நூறு வெள்ளி, பாஸ் இல்லாதவர்களுக்கு நாள் ஒன்றுக்கு ஐந்து வெள்ளி. நல்ல மனிதர், யாரையும் ஏமாற்றியவரில்லை. ஆனால் எந்தக் காசையும் கெடு முடிந்து நாலு நாள் கழித்துக் கட்டினால்தான் அவருக்குச் சாப்பாடு செரிக்கும். ஜூன் மாதப் பாஸ் காலாவதியான பிறகும் ஒரு வாரம் "நாளைக்குக் கட்டிர்றேன் தங்கச்சி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கௌண்டரில் இருந்த அமுதவள்ளி அந்தச் சொல்லை நம்பி, தினமும் காலையில் யாருக்கும் தெரியாமல் பொத்தானை அழுத்தி அவருக்காகப் பேரியர் தடுப்பைத் தூக்கிவிட்டாள். எட்டாம் தேதி மேலாளர் ஜெயராஜ் சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வந்து நின்றார். அமுதவள்ளிக்கு வேறு வழியில்லை. "இன்னைக்கு முடியாதுண்ணே. மெஷின்ல டிக்கெட் எடுத்துட்டு உள்ள வாங்க, மொதல்ல பாஸ கட்டிருங்க" என்றாள். ஜபருல்லா டிக்கெட் எடுத்தார், மஞ்சள் கோட்டின் மேலேயே காரைக் கோணலாக விட்டார், டபுள் சிக்னலைத் தட்டினார், கதவைப் பூட்டிக்கொண்டு கௌண்டருக்கு வந்தார். "செக்கெஜாப் தங்கச்சி, கட்டிட்டு ஒடனே எடுத்துர்றேன்" என்று சொல்லிப் பர்ஸைத் திறந்தவர் அப்படியே சரிந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது அவரை ஏற்றுவதற்குத்தான் வேலை இருந்தது, காப்பாற்றுவதற்கு இல்லை.

வெளியூர்க்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பக்கத்தில் இரண்டு பக்க விளக்கும் மின்ன டபுள் சிக்னல் போட்ட கார், நிறுத்திய கார் ஆகாது. ரொட்டி சானாயைத் தாபாவ் என்று பொட்டலம் கட்டி வாங்க வேண்டுமா, பிள்ளையை டியூஷனில் இறக்க வேண்டுமா, இரண்டு முழம் பூ வாங்க வேண்டுமா, காரை நடு ரோட்டில் விட்டுவிட்டு டபுள் சிக்னலைத் தட்டினால் போதும், அது செக்கெஜாப். அந்த மலாய்ச் சொல்லுக்கு ஒரு நொடி என்று அர்த்தம். அந்த நொடி ஒரு நிமிடமாகவும் இருக்கும், கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துவிட்டு வரும்வரை நீளவும் செய்யும். பின்னால் மாட்டிக்கொண்டவன் ஹார்ன் அடித்து ஓய்வானே தவிர, நீ இங்கே பார்க் பண்ணியிருக்கிறாய் என்று ஒருநாளும் சொல்ல மாட்டான். மனிதர்களோடு பழகிப் பழகி மெஷினுக்கும் இந்தப் புத்தி வந்துவிட்டது போலும். ஜபருல்லாவின் கார் எண்ணைத் தட்டினால், நின்ற நேரம் பூஜ்யம், கட்ட வேண்டியது பூஜ்யம் என்றே அது காட்டியது. ஜெயராஜ் பூச்சோங்கிலிருந்து ஆள் வரவழைத்து மெஷினைக் கழற்றி மாட்டினார். புது மெஷினும் பூஜ்யம் என்றது. இழுத்துப் போகும் லோரியை வரவழைத்தார். சங்கிலி போட்டு இழுத்ததில் லோரியின் முன் சக்கரங்கள்தான் தரையிலிருந்து எழும்பின, கார் அசையவில்லை. லோரிக்காரர் இறங்கி வந்து பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாஸ், எஞ்சின் இன்னும் சூடா இருக்கு லா. ஆளு இப்பத்தான் எறங்கிப் போயிருக்கான், வந்துருவான்" என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சூட்டுக்குப் பயனில்லாமல் போகவில்லை. சாம்பல் நிறப் பூனை ஒன்று பானட்டை வீடாக்கிக்கொண்டது. முதல் ரயிலுக்கு வருகிறவர்கள் நாசி லெமாக் பொட்டலத்தை அதன்மேல் வைத்துச் சூடாக்கிச் சாப்பிட்டார்கள். மழையில் நனைந்து வந்தவர்கள் குடையை விரித்து அதன்மேல் காயவைத்தார்கள். எவ்வளவு மழை பெய்தாலும் அந்தக் காரில் ஈரம் தங்கவில்லை, தூசியும் படியவில்லை. இரண்டு வாரத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது.

எல்லோரையும் போல ஜபருல்லாவும் டாஷ்போர்டில் போன் நம்பர் எழுதி வைத்திருந்தார். ஆனால் போனை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போவது அவர் சுபாவம் என்பதால், எழுதியிருந்தது மனைவி தஸ்லீமாவின் நம்பர். அடக்கம் முடிந்த நாலாம் நாள் அமுதவள்ளி அந்த நம்பருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஸ்டேஷன் பார்க்கிங் கௌண்டர்லேருந்து பேசறேன். அண்ணன் காரு இங்கதான் நிக்குது. டபுள் சிக்னல்கூட எரிஞ்சுகிட்டே இருக்கு."

"இன்னுமா எரியுது?" என்று கேட்டாள் தஸ்லீமா.

"எரியுதுக்கா. பானட்டு சுடுது."

தஸ்லீமா போனை வைத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையிலிருந்து கார் சாவியையும் பார்க்கிங் டிக்கெட்டையும் எடுத்து, அலமாரியில் கைலிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். ஏன் அப்படிச் செய்தோம் என்று அப்போது அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. சுபாங் ஜெயாவில் இருக்கும் மகன் ஷபீர் காரை எடுத்து வருவதற்காகச் சாவி கேட்டபோது, "எங்க வெச்சேன்னு தெரியலப்பா, தேடிப் பாக்குறேன்" என்றாள். மாற்றுச் சாவி எப்போதோ தொலைந்திருந்தது. ரோடு டாக்ஸ் டிசம்பர் வரை இருந்ததால் ஷபீரும் அவசரப்படுத்தவில்லை. முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அவள் சொன்ன பெரிய பொய் அதுதான்.

அவள் இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டிய காலம் அது. முதல் நாற்பது நாள் வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, பிரியாணிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்ததோடு எல்லோருடைய வரத்தும் நின்றது. ஷபீர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, பழமும் மருந்தும் வைத்துவிட்டு, கைபேசியைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். மற்ற ஆறு நாளும் அவளோடு பேசியது அமுதவள்ளி ஒருத்திதான். காலைக் கூட்டம் வடிந்து பத்து மணிக்கு அவள் போன் செய்வாள். எரியுதுக்கா, என்பாள். அதற்கப்புறம் பூனையைப் பற்றி, மழையைப் பற்றி, ஜெயராஜ் இன்று யாரைக் கடிந்துகொண்டார் என்பதைப் பற்றி. சில நாள் தஸ்லீமா விடிந்ததிலிருந்து வாய் திறந்து பேசும் முதல் வார்த்தையே பத்து மணிக்குச் சொல்லும் "சொல்லும்மா"வாக இருக்கும். பேசி முடித்தபின் வீட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். அவர் வரமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும், கபர்க் குழியில் வைத்ததும் தெரியும். ஆனால் செக்கெஜாப் என்று சொன்னவர் அந்தச் செக்கெஜாப் முடியும்வரை முழுசாகப் போய்விட்டார் என்று எப்படிச் சொல்வது? அப்படித்தான் அவள் மனம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கில் அவளுக்கு நிம்மதியும் இருந்தது.

அறுபத்திரண்டாம் நாள் அமுதவள்ளி வழக்கம்போல் எரியுதுக்கா என்றுவிட்டு, பூனையைப் பற்றிய பேச்சுக்குப் போகவில்லை.

"ஒண்ணு சொல்லணுங்கா. மனசுல வெச்சுக்கிட்டுத் தூங்க முடியல. அண்ணன் ஜூலை பாஸ் கட்டல. ஒரு வாரம் நான்தான் தொறந்து விட்டேன், ஜெயராஜ் சாருக்குத் தெரியாது. அன்னைக்குக் கட்டுங்கன்னு சொன்னதும் நான்தான். கட்டத்தான் வந்தாங்க."

"எவ்ளோம்மா? நீ கட்டிரு, நான் அனுப்பறேன்."

"நான் கட்டிப் பாத்துட்டேன் கா, எடுக்க மாட்டேங்குது. பழைய டிக்கெட்டு முடியாம புதுசா கட்ட முடியாதாம். டிக்கெட்டு முடியணும்னா மெஷின் எண்ணணும். டபுள் சிக்னல ஆஃப் பண்ணாத்தான் அது எண்ணும். சாவி கெடச்சாச் சொல்லுங்க."

அன்று தஸ்லீமா வாசலைப் பார்த்து உட்காரவில்லை. அடக்கத்தன்று ஷபீர் ஜமாஅத்தின் முன்னால் நின்று, "வாப்பா யாருக்காச்சும் கடன் தரவேண்டி இருந்தா என்கிட்ட கேளுங்க, இல்லாட்டி மன்னிச்சு விட்டுருங்க" என்று சொன்னதாக அவளிடம் வந்து சொல்லியிருந்தார்கள். துணி மொத்த வியாபாரி வந்தார், தேத்தண்ணிக் கடைக்காரர் வந்தார், இருவருக்கும் கொடுத்தாயிற்று. பார்க்கிங் கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. கடன்பட்டுச் செத்தவரின் ஆன்மா அந்தக் கடன் தீரும்வரை மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் தொங்கிக்கொண்டிருக்கும் என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள். அப்படியானால் அந்த விளக்கு தனக்காக எரியவில்லை. மனிதர் நூறு வெள்ளிக்காக அந்த மஞ்சள் கோட்டில் மாட்டிக்கொண்டு, எடுத்து விடுங்கள் எடுத்து விடுங்கள் என்று மின்னிக்கொண்டிருக்கிறார். இவ்வளவு தெளிவாகப் புரிந்த பிறகும் அவள் அலமாரியைத் திறக்கவில்லை.

அவளைக் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தனியாக இருந்தாள், அவ்வளவுதான். சாவியைக் கொடுத்தால் அரை நாளில் காரியம் முடிந்துவிடும், மறுநாள் பத்து மணிக்கு யாருக்கும் அவளிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. ஐந்து வேளையும் தொழுது, கையேந்தி, அவர் பாவங்களை மன்னித்துவிடு இறைவா என்று அழுதாள். அவருக்காகத் தன் கையால் செய்யக்கூடிய ஒரே காரியத்தை மட்டும் செய்யாமல் அழுதாள். ஷபீர் கேட்கும்போதெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றாள். இத்தா முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தனக்கே தவணை சொல்லிக்கொண்டாள். காசு கட்டுவதில் தவணை சொல்வது கணவரின் பழக்கம், அது இப்போது அவளுக்கும் ஒட்டிக்கொண்டது.

நவம்பர் பதின்மூன்றாம் தேதி செலாயாங்கிலிருந்து ஜபருல்லாவின் அக்கா மஹ்ஜபீன் போன் செய்தார். "தஸ்லீமா, பிறைக் கணக்குல இன்னையோட நாலு மாசம் பத்து நாள் முடிஞ்சிருச்சு. இனி நீ வெளிய தெருவ போலாம்" என்றார். ஷபீரோ வீட்டுச் சுவரில் மாட்டிய காலண்டரில் இங்கிலீஷ் மாதத்தை எண்ணிப் பதினெட்டாம் தேதிக்கு வட்டம் போட்டிருந்தான். இத்தாவைப் பிறை பார்த்துத்தான் எண்ண வேண்டும் என்பது தஸ்லீமாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும், "புள்ள பதினெட்டுன்னு வட்டம் போட்டு வெச்சிருக்கான், அவன் மனசு நோக வேணாம், அதுவரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்றாள். மகன் செய்த பிழையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிழைக்குள் ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து நாளும் பத்து மணி ஆனதும் எரியுதுக்கா என்ற குரலைக் கேட்டாள். முதல் நாள் இனித்தது, மூன்றாம் நாள் திகட்டியது. ஐந்தாம் நாள் காலை அவளுக்கே தன்மேல் வெட்கமாகப் போய்விட்டது. ஒரு மனிதரைப் போகவிடாமல் ரோட்டில் நிற்கவைத்து, அவர் நிற்கிறார் நிற்கிறார் என்று கேட்டுச் சந்தோஷப்படுவது என்ன குடித்தனம்?

பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை. ஷபீரிடம் சொல்லாமல் வாடகைக் கார் பிடித்துப் போனாள். நாலு மாதமாகக் கேட்ட குரலுக்கு உரிய ஆள், குரலைவிடச் சின்ன உருவமாக, கௌண்டர் கண்ணாடிக்குப் பின்னால் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். வெள்ளைத் துப்பட்டியைப் பார்த்ததுமே எழுந்து வெளியே வந்தாள். அமுதவள்ளி அவள் கையைப் பிடித்துக்கொண்டு காரிடம் அழைத்துப் போனாள்.

பூனை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சுருண்டுகொண்டது. தஸ்லீமா பானட்டில் உள்ளங்கையை வைத்தாள், சுட்டது. கதவைத் திறந்து, ஒருநாளும் உட்கார்ந்திராத டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். சீட்டும் சூடாக இருந்தது. இப்போதுதான் ஒருவர் எழுந்து போன சூடு, அவர் எடைக்குப் பள்ளமான பஞ்சு, அத்தரும் வேர்வையும் கலந்த வாடை. டிக் டிக் என்று சிக்னல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து வாய்விட்டு அழுதாள். அமுதவள்ளி கூட்டம் சேராமல் பார்த்துக்கொண்டாள். அரை மணி கழித்துத் தஸ்லீமா முகத்தைத் துடைத்துக்கொண்டாள், பிஸ்மில்லா சொன்னாள், சிவப்பு முக்கோணப் பொத்தானை அழுத்தினாள்.

சத்தம் நின்றது. அதுவரை காரைத் தொடாமல் ஒதுங்கியிருந்த நூற்று முப்பத்துமூன்று நாளும் ஒரே நிமிடத்தில் அதன்மேல் வந்து இறங்கின. முன்கண்ணாடி மங்கலாகும்வரை தூசி படிந்தது. நிலையத்து மரத்தின் நாலு மாதச் சருகும் பொலபொலவென்று கூரையில் விழுந்தது. டயர்கள் நான்கும் மெல்ல உட்கார்ந்தன. சீட்டின் சூடு அவளுக்கடியிலேயே ஆறியது. பூனை எழுந்து, பானட்டை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுக் குதித்துப் போய்விட்டது. தஸ்லீமா இறங்கினாள். இருந்ததையும் தன் விரலாலேயே அழித்துவிட்டோம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் வந்த காரியத்தை முடிக்கக் கௌண்டருக்கு நடந்தாள்.

மெஷின் இப்போது டிக்கெட்டை வாங்கிக்கொண்டது. நூற்று முப்பத்துமூன்று நாள், அறுநூற்று அறுபத்தைந்து வெள்ளி என்று காட்டியது. ஜூலை பாஸ் நூறு வெள்ளி தனி என்றாள் தஸ்லீமா. அப்போதுதான் பாஸ் சங்கதி தெரிந்த ஜெயராஜ், அமுதவள்ளியைத் திரும்பிப் பார்த்தார். தஸ்லீமாவையும் பார்த்தார். கோபப்படுவதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டார்.

"ஆன்டி, ஆளு மௌத்தாப் போன கேஸ் இது. கம்பெனிகிட்ட நான் பேசறேன். பாதியாச்சும் தள்ளிடலாம் லா."

"வேணாம் தம்பி. ஒரு காசுகூட கொறைக்காதீங்க. அவங்க கடன் அது."

அட்டையைத் தேய்த்து முழுசாகக் கட்டினாள். ரசீதில் அவர் பெயரை எழுதித் தரச் சொன்னாள், அமுதவள்ளி எழுதிக் கொடுத்தாள். ரசீதின் அடியில், எல்லா ரசீதிலும் இருப்பதுபோல, பணம் செலுத்தியபின் வெளியேறப் பதினைந்து நிமிடம் என்று அச்சடித்திருந்தது. பேட்டரிக்கு வயர் கொண்டுவரவும், காற்றடிக்கவும், தள்ளவும் ஆள் பிடிக்க ஜெயராஜ் படியிறங்கினார். நாலு எட்டு வைப்பதற்குள் கார் தானாக ஸ்டார்ட் ஆயிற்று.

டயர்கள் நிமிர்ந்தன. டிரைவர் சீட் ஓர் ஆள் எடைக்கு அமுங்கியது. வைப்பர் இரண்டு தடவை அசைந்து கண்ணாடித் தூசியைத் தள்ளியது. கார் கோணலை நேராக்கிக்கொண்டு தஸ்லீமா நிற்கும் இடம்வரை வந்து நின்றது, இடப்பக்கக் கதவு உள்ளிருந்து திறந்தது. அந்தக் கதவின் வெளிக் கைப்பிடி உடைந்து ஏழெட்டு வருடமாகிறது. ஜபருல்லாதான் எப்போதும் உள்ளிருந்து சாய்ந்து அவளுக்குத் திறந்துவிடுவார். அவள் உட்காரும் சீட், அவள் வழக்கமாக நகர்த்தி வைத்துக்கொள்ளும் அளவில் இருந்தது.

ஏறிவிடலாம் என்று அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை, அடுப்பில் எதுவும் இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து நிமிடம் போயிற்று, எட்டு நிமிடம் போயிற்று. எஞ்சின் பொறுமையாக ஓடிக்கொண்டிருந்தது. ஜெயராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆன்டி, பதினஞ்சு நிமிஷம் தாண்டினா பேரியர் தொறக்காது. மறுபடியும் மெஷின் எண்ண ஆரம்பிச்சிரும்" என்றார், மெதுவாகத்தான் சொன்னார். அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. தான் நின்றுகொண்டே இருந்தால் அவரும் நின்றுகொண்டே இருப்பார். அவர் சுபாவம் அப்படி.

நம் ஜனங்கள் வாசலைத் தாண்டுகிற யாரையும் வெறுமனே போகச் சொல்வதில்லை. கோபக்காரனைக்கூடப் போயிட்டு வா என்றுதான் அனுப்புவார்கள். தஸ்லீமா குனிந்து, காலியாக இருந்த டிரைவர் சீட்டைப் பார்த்து, "போங்க" என்றாள். வேறெதையும் அதோடு சேர்க்கவில்லை. கதவைச் சாத்தினாள்.

கார் சிக்னல் போட்டுத் திரும்பி, பேரியர் தூக்கும்வரை நின்று, பதினான்காம் நிமிடம் வெளியே போயிற்று. கட்டணம் செலுத்தப்பட்டது, வாகனம் வெளியேறியது என்று மெஷினில் பதிவாயிற்று. ஜெயராஜும் தம் ஏட்டில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரோடு டாக்ஸ் செல்லுபடியாக இருந்ததால் வழியில் யாரும் அதை நிறுத்தவில்லை. அது கடைசியாகக் கண்ணில் பட்டது கிள்ளான் சாலையில், இடது ஓரமாக, அவர் ஓட்டும் அதே அறுபது வேகத்தில். அந்த மத்தியானமே மஞ்சள் கோட்டில் வேறொருவன் வந்து டபுள் சிக்னல் போட்டான். அமுதவள்ளி கண்ணாடியைத் தட்டி அவனை எடுக்கச் சொன்னாள்.

தஸ்லீமா வாடகைக் கார் பிடிக்கவில்லை, பிளாட்பாரத்துக்கு நடந்து கிள்ளான் ரயிலில் ஏறினாள். ரயில் கிளம்பியதும் ஷபீர் கூப்பிட்டான். வீட்டு போனை யாரும் எடுக்கவில்லையே என்றான். ஸ்டேஷனுக்கு வந்தேன் என்றாள்.

"கார எடுத்தாச்சா உம்மா?"

"வாப்பா எடுத்துட்டுப் போயிட்டாங்க."

அலுவலகத்தில் யாரோ சிரிக்கும் சத்தம் அவனுக்குப் பின்னால் கேட்டது.

"பார்க்கிங் காசு?"

"முழுசா கட்டிட்டேன்."

"அப்ப சரி உம்மா," என்றான் அவன். அவன் குரல் உடைந்திருந்தது.

போனைக் கைப்பைக்குள் போட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து சீட்டில் யாராவது உட்காரட்டும் என்று துப்பட்டியை இழுத்து ஒதுங்கிக்கொண்டாள். கிள்ளான் வரைக்கும் யாரும் உட்காரவில்லை.